மிச்சம் பிடித்த ஹீலியம்

கருமி என்று பட்டப்பெயர் கிடைத்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். இவளுக்கு இல்லை. ஆய்வுக்கூடத்தின் குளிர்ப்பிரிவுக்கு இவள்தான் தலைமைப் பொறியாளர். முகத்துக்கு நேரே "மேடம்", முதுகுக்குப் பின்னால் "கருமி மேடம்". இரண்டும் அவள் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஹீலியத்தோடு மல்லுக்கட்டுகிறவள் கருமியாக இல்லாமல் வள்ளலாகவா இருக்க முடியும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆய்வுக்கூடத்துக்குக் கீழே, தரைக்கு அடியில், ஒரு பெரிய வட்டச் சுரங்கம் இருந்தது. அதற்குள் வரிசையாகக் காந்தங்கள், அந்த வளையத்துக்கு எல்லோரும் வைத்த பெயர் ரிங். காந்தங்களின் நடுவே ஓடும் குழாயில் புரோட்டான்கள் ஒளியோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடி, எதிரெதிரே வந்து மோதும். மோதிச் சிதறுவதில் எப்போதாவது ஒரு தடவை அபூர்வமான துகள் ஒன்று தலைகாட்டும். அதற்காகத்தான் அத்தனை விஞ்ஞானிகளும் வருடக்கணக்கில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் காந்தம் வேலை செய்ய வேண்டுமென்றால் அதைத் திரவ ஹீலியத்தில் முக்கி வைக்க வேண்டும். விண்வெளியே இதைவிடக் கதகதப்பாக இருக்கும் என்று சொல்லும் அளவுக்குக் குளிர். அந்தக் குளிரைக் கட்டிக் காப்பது அவள் பொறுப்பு.

ஹீலியம் நன்றி கெட்ட வாயு. முடி நுழையாத இடுக்கிலும் நுழைந்து வெளியேறிவிடும். வெளியேறினால் நேரே மேலே. மேகத்தோடு நின்றாலாவது பரவாயில்லை, பூமியையே உதறிவிட்டுப் போய்விடும். யுகயுகமாக மண்ணுக்கடியில் சேர்ந்ததை அங்கங்கே தோண்டித்தான் எடுக்கிறார்கள். விலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

போன வருடம் அவள் கசிவுகளை ஒழித்துக்கட்டியே தீருவது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். துணைக்குப் பிரிவின் மூத்த டெக்னீஷியன். கசிவு காட்டும் கருவியின் நுனியைப் பிடித்துக்கொண்டு குழாய் குழாயாக மோப்பம் பிடிப்பது அவர் வேலை என்பதால் எல்லோரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹீலியத்துக்கு வாசனையே கிடையாது என்பது வேறு விஷயம்.

சுரங்கத்தின் காற்றோட்டத்தில் மெல்லிய கசிவு கருவிக்கு அகப்படாமல் கலைந்துவிடும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் பிளாஸ்டிக் பையால் மூடி, டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பையைத் துளைத்துப் பார்ப்பார்கள். பைக்கு ஆர்டர் போட்டால் கையெழுத்தாகி வருவதற்குள் விடிந்துவிடும் என்று அவள் வீட்டிலிருந்து ரொட்டிப் பைகளைக் கொண்டுவந்தாள். அப்புறம் தம்பி வீட்டு ரொட்டிப் பைகள், பக்கத்து வீட்டு ரொட்டிப் பைகள். சுரங்கம் நெடுக ரொட்டிக் கம்பெனியின் சிரிக்கிற குழந்தைப் படம் தொங்கியது. குழாய்க்கு அடியில் மல்லாந்து படுத்துப் படுத்து மூக்கருக்கு முதுகு போனது. டாக்டர் பெல்ட் போடச் சொன்னார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் மறுபடியும் போய்ப் படுத்தார். வருடம் முடிவதற்குள் கசிவு அநேகமாக நின்றுபோனது.

தப்பு நடந்தது அதற்கப்புறம்தான். நிதியாண்டின் கடைசி வாரத்தில் கணக்கு அதிகாரி அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"மேடம், உங்க பிரிவுல பணம் நிறைய நிக்குது. ஏதாவது வாங்கிடுங்க."

"எதை வாங்கறது? ஹீலியம்தான் போதுமான அளவு இருக்கே."

"எதையாவது வாங்குங்க. கம்ப்யூட்டர் பிரிவைப் பாருங்க, கத்துக்கோங்க."

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர். வருடக் கடைசியில் கையில் நிற்கும் பணத்துக்கெல்லாம் அவர் நாற்காலி வாங்கிவிடுவார். அந்தப் பிரிவில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். மாடிப்படிக்கு அடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், கழிவறை வாசலில் எல்லாம் உறை பிரிக்காத சுழல் நாற்காலிகள் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்திருக்கும். கருமி மேடம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

"ஜனங்க வரிப்பணம். செலவாகலைன்னா திருப்பிக் கொடுக்கிறதுதான் மரியாதை" என்று சொல்லி மீதத்தைக் கஜானாவுக்கே அனுப்பிவிட்டாள். கணக்கு அதிகாரி அவளைப் பார்த்த பார்வை, ஜுரத்தில் பிதற்றுகிற ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது. இருந்தாலும் ஆண்டு விழாவில் இயக்குநர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, சிக்கனத்துக்கான கேடயம் ஒன்றைக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நாற்காலிக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

புது நிதியாண்டின் ஒதுக்கீடு வந்த அன்றைக்கு இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஒரு காலத்தில் துகள்களைப் பற்றி யோசித்தவர், இப்போது பணத்தைப் பற்றி மட்டுமே யோசிக்க வேண்டியிருந்ததில் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"உக்காரும்மா. உன் பிரிவுக்கு ஒதுக்கீட்டைக் குறைச்சுட்டாங்க."

"எவ்வளவு சார்?"

"நீ போன வருஷம் திருப்பிக் கொடுத்தியே, சரியா அவ்வளவு. 'சென்ற ஆண்டின் உண்மைச் செலவின் அடிப்படையில்'னு போட்டிருக்காங்க."

"சார், கரண்டு விலை ஏறியிருக்கு. குளிரூட்டும் ஆலை ஓடினாத்தான் ஹீலியம் திரவமா நிக்கும். இந்தப் பணத்துல வருஷம் பூரா ஓட்ட முடியாது."

"தெரியும்."

"அப்புறம்?"

"ஆலையை நிறுத்த வேண்டியதுதான். ரிங் சூடாகட்டும். பணம் வந்தா அடுத்த வருஷம் மறுபடியும் குளிர வைக்கலாம்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். ஏனென்றால் அவருக்கும் தெரியும். ரிங் ஒரே ஒரு தடவைதான் சூடாகியிருக்கிறது. குளிரில் சுருங்கிக் கிடந்த உலோகம் சூட்டில் நீண்டபோது, காந்தங்களுக்கு இடையே இருந்த மடிப்புக் குழாய்கள் பல இடங்களில் கிழிந்தன. அவற்றைச் செய்துகொடுத்த கம்பெனி அப்போது இருந்தது. இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த அச்சும் இல்லை. மறுபடியும் சூடானால் ரிங் அவ்வளவுதான். பாதியில் நிற்கும் பரிசோதனை அப்படியே நிற்கும். விஞ்ஞானிகள் வேறு தேசங்களுக்குப் பெட்டி கட்டுவார்கள். சுரங்கத்தில் காளான் வளர்க்கலாம்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒதுக்கீட்டைக் குறைத்துக் கிறுக்கிய கை யாருடையது என்று தெரிந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பாள். காந்தத்துக்கு முப்பது வருடம் ஒரு நாள் மாதிரி. அரசாங்கத்துக்கோ ஒரு வருடம்தான் ஆயுள். ஒவ்வொரு வருடமும் அது செத்து, போன பிறவி ஞாபகம் எதுவும் இல்லாமல் மறுபடியும் பிறக்கிறது. ஞாபகம் இருப்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், போன வருடம் எவ்வளவு செலவானது என்பது.

அவள் தம்பிக்கு வேலை நிதித்துறையில். ஆய்வுக்கூட ஒதுக்கீடு அவன் மேஜைக்கு வராது, இரண்டு மேஜை தள்ளித்தான் போகும். ஆனாலும் அந்த மேஜைகளின் பாஷை அவனுக்கு அத்துப்படி. விடுமுறை நாளில் அவன் வீட்டுக்குப் போனாள். அம்மா அவனோடுதான் இருந்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக இவள் ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். "அக்கா, கோவிச்சுக்காதே. செலவு பண்ணலைன்னா தேவையில்லைன்னுதான் அர்த்தம். எங்களுக்கு வேற எப்படித் தெரியும்?"

"கசிவை அடைச்சோம்டா. அதனாலதான் செலவு குறைஞ்சுது. அதோட அறிக்கையும் அனுப்பினேன்."

"யார் படிக்கிறா? நீ ஒருத்தி மிச்சம் பிடிச்சு அனுப்பினா, இவங்களுக்கு இவ்வளவு நாளா அதிகமாக் கொடுத்துட்டோம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. நீயே போய் வலையில விழுந்திருக்கே."

அம்மா நடுவில் புகுந்தாள். "ஏன்டா, ரெண்டு பேருக்கும் ரூமை விட்டு வரும்போது லைட்டை அணைக்கணும்னு அடிச்சு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பா?"

"வீட்டுல சரிம்மா" என்றான் தம்பி.

"அங்க?"

"அங்க, அணைச்சா பல்பையே கழட்டிட்டுப் போயிடுவாங்க."

அம்மா சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பிக்கு அக்கா மேல் பிரியம் உண்டு. கை கழுவிவிட்டு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"ஒரு வழி இருக்கு. நல்லா நடந்துக்கிட்டிருக்கிற வேலைக்குக் கூடுதலாப் பணம் கேட்டா எங்க ஆளுங்க கையை விரிச்சிடுவாங்க. அதுக்குக் கணக்குல தலைப்பே கிடையாது. ஆனா 'விடுபட்ட பராமரிப்பு'ன்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல எப்பவும் பணம் இருக்கும். போன வருஷம் கசிவு வேலையைச் செய்யாம விட்டுட்டோம், ஹீலியம் கசியுது, ஈடுகட்ட ஹீலியம் வாங்கணும்னு எழுது."

"செஞ்ச வேலையைச் செய்யலைன்னு எழுதச் சொல்றியா?"

"ஆமா. அந்தப் பணத்துல ஹீலியம் மட்டும்தான் வாங்க முடியும். வாங்கிக்கோ. உன் பிரிவு ஒதுக்கீட்டுல ஹீலியத்துக்குன்னு இருக்கிற பணத்தைக் கரண்டுக்குத் திருப்பிவிட்டுடு. ஆலை ஓடும்."

"பொய்டா அது."

"அக்கா, உன் ரிங்கு குளிரா இருக்கணுமா, நீ யோக்கியமா இருக்கணுமா? இந்த வருஷம் ரெண்டுக்கும் பணம் இல்லை."

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி மேல் கோபம், அவன் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கோபம். மறுநாள் முதல் வேலையாக மூக்கரைத் தேடிப் பட்டறைக்குப் போனாள். அவருக்குத் தெரியாமல் எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

மூக்கர் கருவியின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப நான் போன வருஷம் பூரா குழாய்க்கு அடியில படுத்துத் தூங்கினேன்னு எழுதப் போறீங்க."

"தூங்கினீங்கன்னு எழுதலைங்க. வேலை நடக்கலைன்னு மட்டும்தான்."

"வேலை நடக்கலைன்னா அந்த வேலைக்கு இருந்த ஆளு என்ன பண்ணினான்னு கேட்பாங்கல்ல மேடம்? எனக்கு இந்த வருஷம் பதவி உயர்வு வர வேண்டியது."

"என் பேரைத்தான் போடுவேன். பொறுப்பு என்னோடதுன்னு" என்று மட்டும் சொன்னாள். அது அவரைக் காப்பாற்றாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூக்கர் ரொம்ப நேரம் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். "ரிங்கு சூடாகாம இருக்குமா?"

"இருக்கும்."

"எழுதுங்க" என்றார். அதற்கப்புறம் அவளிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் அவர் பேசவில்லை.

அவள் எழுதினாள். கூச்சமாக எழுதினால் கூச்சமான தொகைதான் வரும் என்று தம்பி எச்சரித்திருந்தான். அதனால் கசிவு வேட்டைக்கு முன்னால் எவ்வளவு ஹீலியம் வீணாகிக்கொண்டிருந்ததோ, அவ்வளவும் இன்னும் வீணாகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறிக்கையில் ரொட்டிப் பைகள் இல்லை, முதுகு பெல்ட் இல்லை. இயக்குநர் படித்துப் பார்த்துவிட்டு மேலொப்பம் இட்டார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. முதலில் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். கவனக்குறைவுக்காக அவளுக்கு ஒரு கண்டனமும் வந்தது. சிக்கனக் கேடயம் சுவரில் தொங்க, அதற்கு நேர் கீழே உட்கார்ந்து கண்டனத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் இட்டாள். மூக்கரின் பதவி உயர்வு பக்கத்துப் பிரிவின் ஆளுக்குப் போனது. கரண்டு பில் ஏறிக்கொண்டே போனது. ஒரு வழியாகப் பணம் வந்தது, ஆலையை நிறுத்த வேண்டிய நாள் கழுத்துக்கு வந்த பிறகு. தம்பி சொன்னபடியே ஹீலியம் பணம் கரண்டுக்குப் போனது. ஆலை நிற்கவில்லை. ரிங் சூடாகவில்லை. விஞ்ஞானிகள் யாருக்கும் எதுவும் தெரியாது, அவர்கள் பாட்டுக்குத் துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஹீலியம் லாரிகள் வர ஆரம்பித்தன. முதல் லாரி வந்தபோது தொட்டிகளில் இடம் இருந்தது. அடுத்ததற்கும் எப்படியோ இடம் பண்ணினார்கள். கசிவு இருந்தால்தானே தொட்டி காலியாகும். மூக்கரின் வேலை அவ்வளவு சுத்தம். நிதியாண்டின் கடைசி நாள் மதியம், கடைசி லாரி வாசலில் வந்து நின்றபோது தொட்டிகள் எல்லாம் கழுத்து வரை நிறைந்திருந்தன.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். "எங்க இறக்கறது மேடம்?"

அவள் முன்பே முட்டி மோதிப் பார்த்திருந்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினுக்கு ஹீலியம் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டு, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். அவர்கள் ஓடி வரத் தயார். ஆனால் அரசுச் சொத்தைச் சும்மா கொடுக்கக் கூடாது, ஏலம் விட வேண்டும், ஏலத்துக்கு அனுமதி வர மாதங்கள் ஆகும் என்று கணக்கு அதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த வாரம் இறக்கட்டுமே, பணத்தை இன்றைக்கே கொடுத்துவிடலாமே என்றாள். சரக்கு உள்ளே இறங்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்று அதற்கும் அவர் மறுத்துவிட்டார். நாற்காலிக்காரர்கூடப் பரிதாபப்பட்டு, "என் கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நாற்காலியாவது..." என்று ஆரம்பித்தார். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"லாரியைத் திருப்பி அனுப்பிடலாமாடா?"

"அய்யோ, வேண்டாம்க்கா. பணம் திரும்பி வந்துதுன்னா, கசிவே இல்லையோன்னு கேட்பாங்க. உன் கையெழுத்து இருக்கு. அதை விடு, அடுத்த வருஷ ஒதுக்கீடு மறுபடியும் இறங்கும். இந்தத் தடவை நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தொட்டில இடம் இல்லடா."

"இடம் பண்ணுக்கா" என்றான்.

தொட்டிகள் வெளி முற்றத்தில் வரிசையாக நின்றன. ஓரத்துத் தொட்டியின் தலையில் ஒரு வெளியேற்றும் வால்வு உண்டு. ஆபத்துக் காலத்தில் ஹீலியத்தைக் காற்றில் திறந்துவிடுவதற்கென்று வைத்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை யாரும் திறந்ததில்லை. மூக்கரிடம் சாவியை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அடைக்கிற ஆளு மேடம். திறக்கிற ஆளு இல்லை."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளே ஏணியில் ஏறினாள். வால்வு இறுகிப் போயிருந்தது, இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. முதலில் மெல்லிய சீறல், அப்புறம் பெரிய இரைச்சல். வெள்ளைப் புகையாகப் பனி கொட்டியது. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. தெரியாதுதான். ரொட்டிப் பைக்குள் ராத்திரி முழுக்க ஊறினால்தான் அகப்படும் அந்த வாயு, இப்போது ஒரு வருடத்து மிச்சத்தையும் கூட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் நீர் கட்டியது. குளிரால் என்று கீழே நிற்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

கீழே லாரி டிரைவர் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிக்காரர் தன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்போது மூக்கரின் கருவி அலற ஆரம்பித்தது. அவர் அதைத் தோளில் மாட்டியிருந்ததை மறந்துவிட்டார் போல. கொசு மூச்சளவு கசிவுக்கே குரல் கொடுக்கும்படி அவளே பக்கத்தில் இருந்து திருத்தி வைத்த கருவி. அது முற்றமெல்லாம் கேட்கும்படி கத்தியது. மூக்கர் அதை அணைக்கவில்லை. கருவியின் நுனியை அந்த வெள்ளைப் புகையை நோக்கி நீட்டி, முள் எங்கே நிற்கிறது என்று நிதானமாகப் பார்த்தார். பிறகு ஏணியை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் வேலைக்கு வெளியே அவராக அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கசிவு இருக்கு மேடம். நீங்க எழுதினது சரிதான்."